படியில் ஒரு பாசி, மலையில் ஒரு பாசி

மதுரையின் மேற்கே, தேனி செல்லும் சாலையும் புறவழிச்சாலையும் கூடும் இடம் காளவாசல். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளையைக் காளவாசல் என்று சொல்வது தென்பாண்டி நாட்டு வழக்கு. இன்று அங்கே மேம்பாலமும் கடைகளும் நிறைந்திருக்கின்றன. சூளை பெயரளவில் நிற்கிறது.

அங்கே ஒரு தெருவில் 78 வயதுப் பெரியவர் ஒருவர் வாழ்கிறார். கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாள்தோறும் விடியலில் நீராடி, திருநீறு அணிந்து, தேவாரம் ஓதிய பிறகே காப்பியைத் தொடுவார். வெள்ளிக்கிழமைதோறும் அவரும் அவர் மனைவியும் அன்னை மீனாட்சியைத் தரிசித்து, பொற்றாமரைக் குளக்கரையில் சற்று நேரம் அமர்ந்து திரும்புவது 40 ஆண்டுகளாக நடந்து வந்த பழக்கம்.

அந்தப் பழக்கம் ஓர் ஆடி அமாவாசையன்று முறிந்தது. சுற்றுப்புற ஊர் ஒன்றின் கோயிலுக்கு இருவரும் சென்றிருந்தார்கள். கால் கழுவுவதற்காகக் குளத்தில் இறங்கிய அம்மையார் மூன்றாம் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் அவரால் பழையபடி நடக்க இயலவில்லை. இரண்டு ஆண்டுகள் கட்டிலும் ஊன்றுகோலுமாகக் கழிந்தன. பிறகு ஒரு மார்கழி விடியலில் இறைவனடி சேர்ந்தார்.

விழுந்த அன்று அவருடைய புடவையில் ஒட்டியிருந்த பச்சை வழவழப்பு பெரியவரின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. "பாசிதான் அவளைக் கொண்டு போயிற்று" என்று எல்லோரிடமும் சொல்லுவார். பிறகு ஓர் உழவாரத் திருக்கூட்டத்தில் சேர்ந்தார். மாதத்தில் இரண்டு ஞாயிறுகளில் அடியார்கள் கூடி, ஏதேனும் ஒரு கோயிலில் செடி களைந்து, பிரகாரம் கூட்டி, குளத்தைத் தூய்மை செய்வார்கள். மற்றவர்கள் புல் பறிப்பார்கள், ஒட்டடை அடிப்பார்கள். பெரியவர் மட்டும் கம்பித் தூரிகையையும் சுரண்டியையும் பிளீச்சிங் பவுடரையும் எடுத்துக்கொண்டு நேரே பாசி படர்ந்த இடத்துக்குப் போய்விடுவார். படியில் மட்டுமல்ல; கிணற்றுச் சுவரில், மதிலின் பின்புறத்தில், யாரும் கால் வைக்காத மூலைகளில் இருந்ததையும் விடமாட்டார். சைவ சித்தாந்த நூல்கள் உயிரை மறைக்கும் மலத்துக்குப் பாசியைத்தானே உவமை காட்டுகின்றன? கல்லெறிந்தால் விலகும், மறுகணம் மூடிக்கொள்ளும். "மலத்துக்கு உவமையானதை வைத்திருக்கலாமா?" என்பது அவருடைய வாதம்.

நிறைவேறாத நேர்த்திக்கடன்

அம்மையாருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. பேத்திக்குச் சிறு வயதில் கடும் காய்ச்சல் கண்டபோது, கோடைக்கானல் குறிஞ்சி ஆண்டவருக்குப் பாலாபிஷேகம் செய்வதாக வேண்டிக்கொண்டிருந்தார். காய்ச்சல் தீர்ந்தது. ஏதேதோ காரணங்களால் பயணம் தள்ளிக்கொண்டே போனது. கட்டிலில் கிடந்த நாட்களில் அதை இரண்டு மூன்று முறை நினைவூட்டினார். ஆண்டுத் திதி முடிந்த பின், வந்த கார்த்திகை மாதக் கிருத்திகையில் அந்தக் கடனைத் தீர்த்துவிடுவது என்று பெரியவர் முடிவு செய்தார். துணைக்கு அந்தப் பேத்தியே வந்தாள். அவள் இப்போது மதுரையில் தாவரவியல் முதுநிலை படிக்கிறாள்.

காளவாசலிலிருந்து மேற்கே கிளம்பி, மலையேறத் தொடங்கியதும் காற்று மாறியது. மதுரை கடல் மட்டத்துக்குச் சற்றேறக்குறைய 130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடைக்கானல் 2,100 மீட்டர். கிருத்திகை மறுநாள் என்பதால், முதல் நாள் பிற்பகலில் வட்டக்கானல் செல்லும் சாலையில் பாம்பார் சோலையின் ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னாள் பேத்தி.

'ஷோலா' என்று உலக அறிவியல் நூல்களில் வழங்கும் சொல் நம்முடைய 'சோலை'தான். அழகர் மலையில் முருகன் வீற்றிருக்கும் பழமுதிர்சோலையை நாள்தோறும் நினைப்பவருக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இந்தச் சோலை அவர் கற்பனை செய்த சோலையாக இல்லை. மரங்கள் உயரமில்லாமல், முறுக்கிக்கொண்டு, நெருங்கி நின்றன. அடிமரம் முதல் கிளை நுனி வரை ஒரு விரற்கடை இடமும் வெறுமையாக இல்லை. எங்கும் பாசி. தரையிலும் பாறையிலும் வேரிலும் மெத்தையாக, கிளைகளில் சடை சடையாகத் தொங்கிக்கொண்டு, பச்சையிலும் பொன்னிறத்திலும் பழுப்பிலும் பாசி.

பெரியவரின் கை தன்னை அறியாமல் அருகிலிருந்த மரத்தை நோக்கிச் சென்றது. நகத்தால் சுரண்டப் போனவரின் கையைப் பேத்தி மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் தாத்தா. இந்தத் திட்டு இவ்வளவு வளருவதற்கு எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும்."

"பாசிக்கா இவ்வளவு பரிந்து பேசுகிறாய், அம்மாடி? உன் அப்பத்தாவை…" அதற்கு மேல் அவரால் சொல்ல இயலவில்லை.

பேத்தி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "அப்பத்தாவை வழுக்கிவிட்டது இது இல்லை, தாத்தா. நாம் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். அவ்வளவுதான்."

ஒரு பெயர், இரு உயிர்கள்

நீர் தேங்கிய படியில் வழவழப்பாகப் படர்வது நீர்ப்பாசி. அதற்குத் தண்டில்லை, இலையில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து பிசினைப் போல் ஒட்டிக்கிடப்பது அது. மலையில் மரத்தைப் போர்த்தியிருப்பதோ முழுமையான செடி. ஆங்கிலத்தில் 'மாஸ்' என்பார்கள். பேத்தி பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துத் தாத்தாவிடம் கொடுத்தாள். மூக்குக் கண்ணாடிக்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டு, மரத்தோடு முகம் வைத்துப் பார்த்தார் பெரியவர்.

அங்கே ஒரு காடு இருந்தது. அரை விரல் உயரம்கூட இல்லாத செடிகள். ஒவ்வொன்றிலும் தண்டு, தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக இலை. சிலவற்றின் உச்சியிலிருந்து மெல்லிய காம்பு எழுந்து, அதன் நுனியில் ஒரு சிறு கலசம் நின்றது. கோபுரத்துக் கலசம் போலவே கழுத்தும் வயிறும் கூரிய மூடியும் அதற்கு இருந்தன. கலசத்துக்குள் இருப்பது விதைத்தூள். முற்றியதும் மூடி கழன்று விழும். வாயைச் சுற்றி நுண்ணிய பற்கள் இருக்கும். பலவற்றில் காற்று உலர்ந்திருக்கும்போது அவை விரிந்து தூளைக் காற்றில் விடும், ஈரமானால் மூடிக்கொள்ளும். தூள் நனைந்து கட்டியாகிவிடாமல் காக்கும் ஏற்பாடு அது.

"இதற்கு வேர் கிடையாது, தாத்தா. பிடித்துக்கொள்ளச் சில நார்கள் மட்டும் உண்டு. மரத்திலிருந்து ஒரு சொட்டும் உறிஞ்சுவதில்லை. மழையும் பனிமூட்டமும் கொடுப்பதை இலையாலேயே வாங்கிக்கொள்ளும்."

பாசியின் இலை பெரும்பாலும் ஒரே ஓர் உயிரணு அளவு தடிமன் உடையது. மேலே மெழுகுப் பூச்சு அரிது. அதனால் நீரைக் கணத்தில் பருகும். வெயில் பட்டால் கணத்தில் உலரும். உலர்ந்தாலும் பல வகைகள் சாவதில்லை. கீழே உதிர்ந்து கிடந்த ஒரு சுள்ளியில் காய்ந்து சுருண்டிருந்த பாசியின்மேல் பேத்தி குடிநீர்ப் புட்டியிலிருந்து சில துளிகள் விட்டாள். பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பு பச்சையாயிற்று. சுருண்ட இலைகள் விரிந்தன. "அருள் பட்ட உயிர் போல" என்று அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

அடுத்து, ஈரப் பாறையொன்றில் தட்டையாக ஒட்டிக்கொண்டு கிளைத்திருந்த வேறொன்றைக் காட்டினாள். அது ஈரல்செடி. உடலின் ஈரல் போன்ற வடிவம் இருப்பதால் மேலைநாட்டார் இப்படிப் பெயரிட்டார்கள். அதன் முதுகில் ராகிக் கதிர்மணி அளவில் சிறு கிண்ணங்கள் இருந்தன. கிண்ணத்துக்குள் பச்சை வில்லைகள். மழைத்துளி விழும் வேகத்தில் அவை தெறித்து, விழுந்த இடத்தில் புதிய செடியாகும். விதையும் வேண்டாம், வண்டும் வேண்டாம், ஒரு துளி மழை போதும்.

உலகில் பாசிச் செடிகள் சுமார் 12,000 இனம் என்றும், ஈரல்செடிகள் 7,000-க்கு மேல் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தியாவில் இவ்விரு குலத்திலும் சேர்த்து 2,500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை அவற்றின் பெரும் இருப்பிடங்களுள் ஒன்று. சமவெளியின் வெப்பத்தில் நனைந்த பாசி தான் உண்டாக்கும் உணவைவிட மூச்சுக்கு அதிகம் செலவழித்து இளைத்துப்போகிறது. மலையிலோ குளிர்ச்சியும் பனிமூட்டமும் கூடிவருகின்றன. அதனால் வெப்ப நாடுகளின் உயர்ந்த மலைக்காடுகளில் ஒரே மரத்தின் அடியில் ஓரினம், நடுவில் வேறினம், கிளை நுனியில் மற்றோரினம் என்று வாழ்கின்றன. மரத்தின் இலைமீதே குடியிருக்கும் ஈரல்செடிகளும் உண்டு.

பாசிக்காக வாழ்ந்தவர்கள்

"இவற்றையெல்லாம் யார் உட்கார்ந்து எண்ணினார்கள்?" என்று கேட்டார் பெரியவர். வங்கிக் காசாளரின் கேள்வி அது.

கோடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில் 1895-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியில் ஜார்ஜ் ஃபோரோ என்ற பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி இருந்தார். பழனி மலையின் காடுகளில் நடந்து நடந்து பாசிகளைச் சேகரித்தார். 1930-இல் 'மதுரை மாவட்டத்துப் பாசிகள்' பற்றி அவர் எழுதினார். திண்டுக்கல் மாவட்டம் 1985-இல் பிரியும் வரை கோடைக்கானல் மதுரை மாவட்டமாகத்தானே இருந்தது! பழனி மலைப் பாசிகள் குறித்த அவருடைய விரிவான பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தது. ஒரு பாசிப் பேரினத்துக்கே 'ஃபோரோயெல்லா' என்று அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுபவர் லாகூரில் பேராசிரியராக இருந்த சிவராம் காஷ்யப். மேற்கு இமயத்தின் ஈரல்செடிகளைப் பற்றி இரு தொகுதிகள் எழுதியவர். செடிகளைத் தேடிப் பனிக்கணவாய்களைக் கடந்து, திருக்கயிலையையும் மானசரோவரையும் கண்டு வந்தவர். இதைக் கேட்டதும் பெரியவர் கைகூப்பினார். "பாசியைத் தேடிப் போனவருக்குக் கயிலாயம் கிடைத்திருக்கிறது. நான் பாசியைச் சுரண்டிச் சுரண்டி என்ன கண்டேன்?"

சடையில் தங்கிய நீர்

மாலை நெருங்கியதும் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறியது. மழை பெய்யவில்லை. ஆயினும் சற்று நேரத்தில் சோலைக்குள் சொட்டுச் சொட்டென்று ஓசை கேட்டது. கிளைகளில் தொங்கிய பாசிச் சடைகளில் மூட்டத்தின் நுண்துளிகள் படிந்து, திரண்டு, நுனியிலிருந்து வடிந்தன. மேகத்தைப் பாசி இப்படித்தான் நீராக்குகிறது. பெருமழை பெய்தாலோ முதலில் அதைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. சதுப்புப் பாசி வகைகள் தம் உலர்ந்த எடையைப் போல் 15, 20 மடங்கு நீரைத் தாங்கக்கூடியவை. பாசி, மட்கிய சருகு, சோலை மண் மூன்றும் சேர்ந்து பிடித்துவைக்கும் நீர், மழை நின்ற பின்னும் கசிந்து கசிந்து ஓடையாகிறது.

கங்கை விண்ணிலிருந்து இறங்கியபோது அவள் வேகத்தை மண் தாங்காது என்று பகீரதன் சிவபெருமானை வேண்டினான். பெருமான் அவளைத் தம் சடையில் ஏற்று, சிறிது சிறிதாக விடுத்தருளினார். குழந்தைப் பருவம் முதல் கேட்ட அந்தக் கதையின் பொருள் பெரியவருக்கு அந்தச் சோலையோரத்தில் விளங்கியது. சடை இல்லாத மலையில் இறங்கும் நீர் மண்ணை வாரிக்கொண்டு ஓடும், பிறகு வறண்டுபோகும்.

"இந்தத் தண்ணீர் எங்கே போகிறது, அம்மாடி?"

"பழனி மலையின் தென்சரிவில் இறங்கும் வராக நதியும் மஞ்சளாறும் வைகையில்தான் சேருகின்றன, தாத்தா."

பெரியவர் பேசவில்லை. அழகர் இறங்கும் வைகை. வந்திக் கிழவிக்காகப் பிட்டைக் கூலியாகப் பெற்று இறைவன் மண் சுமந்த வைகை. ஆவணி மூலத்தில் அந்தத் திருவிளையாடல் நடக்கும் புட்டுத்தோப்பு காளவாசலிலிருந்து நடக்கும் தொலைவுதான். ஆண்டுதோறும் மனைவியோடு அங்கே போய் நின்றிருக்கிறார். அந்த ஆற்றுக்கு நீரும் கரைக்கு மண்ணும் காக்கும் ஏவலாளருள் ஒன்றுதான் அவர் இத்தனை நாள் பகைத்த பாசி.

வண்டியில் ஏறும் முன் அவர் கேட்டார்: "அப்படியானால் அந்தப் படியில் இருந்த நீர்ப்பாசிதான் குற்றவாளியா?"

பேத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அதுவும் ஒரு உயிர், தாத்தா. ஈரம் நின்ற இடத்தில் வளர்ந்தது. படியைக் கழுவ வேண்டியவர்கள் கழுவவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. கூட்டத்தில் அப்பத்தா கையை யாரும் பிடித்திருக்கவும் இல்லை."

கடைசிச் சொற்கள் பெரியவரைத் தைத்தன. அன்று அவர் அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அம்மையார் தனியாகத்தான் குளத்துக்குப் போனார். மூன்று ஆண்டுகளாகப் பாசியின்மேல் அவர் ஏற்றி வைத்திருந்தது எது என்பது அப்போது அவருக்குத் தெரிந்தது. பேத்தி பதறி, "தாத்தா, நான் அந்த எண்ணத்தில் சொல்லவில்லை" என்றாள். "சரியாகத்தான் சொன்னாய், தாயி" என்றார் அவர்.

குறிஞ்சி ஆண்டவர் சந்நிதியில்

மறுநாள் கிருத்திகை. மேலைநாட்டில் பிறந்து, இந்து சமயம் தழுவி, இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனுக்குத் துணைவியான லீலாவதி அம்மையார் 1936-இல் எழுப்பிய கோயில் அது. இப்போது பழனித் தேவஸ்தானத்தின் பராமரிப்பில் இருக்கிறது. பாலாபிஷேகம் நிறைவாக நடந்தது. மனைவியின் பெயரையும் நட்சத்திரத்தையும் வழக்கம்போல் வாய்தவறிச் சொல்லிவிட்டு, பேத்தியின் பெயரைச் சொன்னார். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

அங்கிருந்து வடக்கே பழனி மலையும் தெற்கே வைகை அணையும் தெரியும் என்பார்கள். முதலில் பனிமூட்டம் எல்லாவற்றையும் மறைத்திருந்தது. காத்திருந்தார்கள். சற்று விலகியபோது தொலைவில் அணையின் நீர் ஒரு வெள்ளித் தகடாக மின்னியது. பெரியவர் அதை நோக்கியும் கும்பிட்டார்.

மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் உயிர் எடுக்கும் பிறவிகளை எண்ணும்போது புல்லிலிருந்து தொடங்குகிறார். பாசி அந்தப் புல்லுக்கும் மூத்தது. தரையில் முதலில் கால்வைத்த செடிக் குலங்களுள் ஒன்று. 40 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொன்மை உடையது. அத்தனை காலம் அதை வைத்திருப்பவனுக்கு அதனால் ஒரு காரியம் இல்லாமலா இருக்கும்?

மதுரை திரும்பிய பெரியவர் உழவாரப் பணியை விடவில்லை. திருநாவுக்கரசர் உழவாரம் ஏந்தியது செடியின்மேல் கொண்ட பகையால் அன்று. அடியார் கால் நோகாமல் இறைவனிடம் செல்ல வேண்டும் என்ற அன்பினால் என்பதை அவர் இப்போது இளைஞர்களுக்குச் சொல்கிறார். கால்படும் படியில் நீர்ப்பாசி ஒரு பொட்டும் இருக்கலாகாது. தென்னந்துடைப்பத்தால் அழுந்தத் தேய்த்து, நீர் தேங்காமல் வடித்துவிட வேண்டும். கால்படாத கிணற்றுச் சுவரிலும் மதிலடியிலும் இருப்பதைத் தேவையின்றிச் சுரண்ட வேண்டியதில்லை. கல்வெட்டு எழுத்தின்மேல் படர்ந்திருந்தால் அறிந்தவர்களைக் கேட்காமல் கம்பித் தூரிகையோ அமிலமோ வைக்கக் கூடாது. மலைக்குப் போகிறவர்கள் கொலு அலங்காரத்துக்கும் பூந்தொட்டிக்கும் என்று சோலைப் பாசியை உரித்து எடுத்து வரலாகாது. விற்றால் வாங்கவும் கூடாது. முளைகட்டிய கடுகும் ராகியும் கொலுவின் மலைக்குப் போதும். அம்மையார் அப்படித்தான் செய்து வந்தார்.

அம்மையார் விழுந்த குளத்தின் படிகளுக்கு இன்று இருபுறமும் இரும்புக் கைப்பிடி இருக்கிறது. பெரியவரின் ஓய்வூதியச் சேமிப்பில் அமைந்தது. உபயதாரர் பெயர் எழுதப்படவில்லை. அமாவாசை நாட்களில் அவர் அங்கே போய், முதற்படியில் நின்றுகொண்டு, தனியாக இறங்கும் மூதாட்டிகளுக்குக் கை கொடுக்கிறார்.

காளவாசல் வீட்டின் கொல்லையில் ஒரு பழைய செங்கல் சுவர் உண்டு. கோடையில் அதில் கருகிய பொடி போல் ஏதோ ஒட்டியிருக்கும். அதுவும் பாசிச் செடிதான். 'ஹயோஃபிலா' என்னும் பேரினத்தைச் சேர்ந்தது, வெயிலில் இலைகளை உருட்டிக்கொண்டு உறங்குவது என்று பேத்தி சொல்லியிருக்கிறாள். அதைச் சுரண்டிவிடுவதற்காக ஒரு காலத்தில் சுரண்டியைத் தீட்டி வைத்திருந்தார். இந்த ஆண்டு ஐப்பசியில் முதல் மழை பெய்து ஓய்ந்த மாலையில், அந்தச் சுவர் முழுவதும் பச்சை விரிந்திருந்தது. பெரியவர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அதன் அருகே சென்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் விளக்கேற்றி, மனைவியின் படத்தின் முன் அமர்ந்து தேவாரம் ஓதத் தொடங்கினார்.